ஒட்டுத் தாடி

"ஏனுங்க டைரக்டரு, எந்தப் பாயிங்க இப்படிப் பேசறாரு?"

ஜீப் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சின்னராஜ் கேட்டார். கேட்ட வேகத்தில் முகவாயில் ஒட்டியிருந்த தாடி ஒரு பக்கம் தொங்கியது.

மஞ்சக்குட்டைக்கும் ஏர்க்காட்டுக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர் அவர். படப்பிடிப்புக் குழுவைக் காபித் தோட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு வந்த இடத்தில் நடிகராகிவிட்டார். சென்னையிலிருந்து வர வேண்டிய வில்லன் வந்து சேரவில்லை. டைரக்டர் இளமாறன் சின்னராஜின் மீசையைப் பார்த்தான். பச்சை பெல்ட் கட்டி, கண்ணுக்கு மை தீட்டி, கடத்தல்காரன் காசிம் பாயாக உட்கார வைத்துவிட்டான்.

சின்னராஜுக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி காளியாயி ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு, "நடிச்சாச்சா?" என்று காலையிலிருந்து போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள். ஜீப் ஸ்பீக்கரிலேயே பேசிப் பேசி அவருக்கு அலுத்துவிட்டது.

ஆனால் வசனத்தைக் கேட்டதும் மனுஷர் முரண்டு பிடித்தார்.

"'நம்பள் சொல்றது கேக்கலேன்னா நிம்பள் தலை உருளும்'... இதைச் சொல்ல வாய் வரலீங்க. எங்க காபிக்கொட்டையை வாங்கறவரு அன்சாரி பாயிங்க. 'ஏனுங்க சின்னராஜு, ஊட்ல எல்லாம் சவுக்கியமா'ன்னுதான் பேசுவாரு. இந்தப் படம் வந்தா அவரு மூஞ்சில எப்படீங்க முழிக்கறது?"

"அண்ணே, அவர் மாதிரி பேசினா பாய்னு யாருக்குமே தெரியாது."

"தெரியாட்டிப் போவுதுங்க! ஜீப் ஓட்டற பாயின்னு வைங்க, காபி விக்கற பாயின்னு வைங்க. எதுக்கு அவரு கடத்தோணும்?"

"புரொடியூசர் இப்படித்தான் கேக்கறாரு. மாத்தினா, இதுதான் எனக்கு முதல் படம், இதுவே கடைசிப் படமும்."

"நீங்க எந்தப் பாயி ஊட்டுக்காச்சும் போயிருக்கீங்களா?"

இளமாறனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. "பாய்ங்களைப் பத்தி எனக்குத் தெரியாததா? நீங்க ரெடியாகுங்கண்ணே."

மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் எதிரே இருக்கிற மரம்கூடத் தெரியாது. இளமாறன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

"வில்லன் மியூசிக் போடறேன். தானா மூடு வரும் பாருங்க."

தன் போனை ஜீப் ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டு, கேமராவுக்குப் பின்னால் போய் நின்றான். தோட்டமே அதிரும்படி இசை அலறியது.

"ஆக்‌ஷன்!"

சின்னராஜ் கண்ணை உருட்டினார். வாயைத் திறந்தார். அன்சாரி பாய் நினைவுக்கு வந்தாரோ என்னவோ, திறந்த வாயை மூடிக்கொண்டார். குழுவே கொல்லென்று சிரித்தது. இளமாறன் தலையில் அடித்துக்கொண்டான்.

சட்டென்று இசை நின்று, ஸ்பீக்கரில் போன் மணி அடித்தது.

"காளியாயிதான்! விடமாட்டாளே" என்று பழக்கதோஷத்தில் பட்டனைத் தட்டினார் சின்னராஜ்.

"அண்ணே, அது என் போன்! எடுக்காதீங்க!"

இளமாறன் விழுந்தடித்து ஓடி வருவதற்குள், வாஞ்சையான ஒரு குரல் காபித் தோட்டம் முழுக்கக் கேட்டது.

"ஜெயினுலாபுதீனு கண்ணு, அம்மா பேசறேன் சாமி. ஏர்க்காட்டுல நொம்பக் குளுருமே, மப்ளரு கட்டிக்கிட்டயா? உங்கத்தா பள்ளிவாசல்ல எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டிருக்காரு, 'எம்பையன் படம் எடுக்கறான், இனி சினிமாவுல நம்மாளுங்களும் மனுசராட்டம் வருவாங்க'ன்னு!"

சின்னராஜ் மெதுவாகத் தாடியைப் பிய்த்து டைரக்டரின் கையில் வைத்தார்.

"அம்மா பேசறாங்களே, நானும் இதே மாதிரி பேசிரட்டுங்களா, ஜெயினு தம்பி?"