பேரிக்காய்க்குப் பிறகு

வீட்டிலிருந்து கிளம்பும்போது பேரிக்காய் வாசனைதான் இருந்தது.

மண்டபத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்த பிறகு அது மாறியது. மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனாள்.

மல்லிகை.

அவளுக்குப் பகீரென்றது.

கடையில் சென்ட்டைக் காகிதத் துண்டில் அடித்துக் காட்டியபோது பேரிக்காயும் பச்சை ஆப்பிளும்தான் மணந்தன. “பூ வாசம் வராதில்லீங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். “பழ வாசந்தாங்க மேடம், ரொம்ப லைட்டு” என்றாள் கடைப் பெண். பழம் போன பிறகு பூ வரும் என்று அந்தப் பெண்ணும் சொல்லவில்லை. கொஞ்சம் நின்று பார்க்க இவளுக்கும் பொறுமை இல்லை. கணவன் இறந்த பிறகு தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய முதல் பொருள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வாங்கிய கையோடு ஓடிவந்துவிட்டாள்.

பூ வைக்கக் கூடாது என்பது ஊர் சொன்னது. பழத்தைப் பற்றி ஊர் எதுவும் சொன்னதில்லை. அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

மேடையில் கோகிலா. கூடப் பிறந்த ஒரே தங்கை. அவளுக்குத்தான் இன்று வளைகாப்பு. பெண்கள் வரிசையாக வந்து கன்னத்தில் சந்தனம் பூசி, கையில் வளையல் போட்டார்கள்.

அக்காவுக்கு அந்த வரிசையில் இடமில்லை. “பின்னால உக்காந்துக்க கண்ணு” என்று அம்மா காலையிலேயே சொல்லிவிட்டாள், முகத்தைப் பார்க்காமல்.

தள்ளி இருந்து பார்த்தால் போதும் என்றுதான் வந்தாள். ஆனால் தங்கை கையில் தானும் ஒரு வளையல் போட வேண்டும் என்ற ஆசை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

முன் வரிசையிலிருந்து அத்தை திரும்பினாள். “இந்தத் தையில மல்லிப்பூ யாருக்குக் கெடச்சுது? நல்லா மணக்குது.”

எல்லாத் தலையிலும் கனகாம்பரம். கண்ணைப் பறிக்கும், மணம் மருந்துக்கும் கிடையாது. தை மாதத்தில் மல்லிகை குதிரைக்கொம்பு. பெண்கள் ஒருவர் கொண்டையை ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் தலையை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

சும்மா இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். அவளுக்கு வலித்தது. வலித்ததில் எழுந்துவிட்டாள்.

“எம்மேல இருந்துதாங்க அத்தை.”

அம்மா மேடையிலிருந்தே கண்ணால் உட்காரச் சொன்னாள்.

எழுந்தது எழுந்தாயிற்று. நடந்துபோய் வரிசையின் கடைசியில் நின்றாள்.

கோகிலா பார்த்தாள். வளையலோடு குனிந்த பெரியம்மாவிடம் வலது கையைக் கொடுத்தாள். இடது கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இது அக்காவுக்கு இருக்கட்டுங்க பெரியம்மா.”