பட்டாணிக்கும் ஜெபம்

டாக்டர் கண்ணை மூடினார்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில், வேலுமணியின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு மூடினார். பக்கத்தில் நின்ற ராஜகுமாரி சிஸ்டரும் மூடினாள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவந்த ஆள்கூட மூடிக்கொண்டான்.

"ஆண்டவரே, இந்தச் சகோதரனை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்..."

வேலுமணியின் மனைவி அன்னக்கொடி பதறிப்போனாள்.

அவளுக்குத் தெரியாதா? அவள் அப்பாவுக்கும் இப்படித்தான் நடந்தது. ஊசி, டியூப், ஸ்கேன் என்று நாலு நாள் ஓடிய ஒரு டாக்டர், அஞ்சாம் நாள் ஒற்றை விரலை மேலே காட்டிவிட்டுப் போனார். பொழுது சாய்வதற்குள் அப்பாவைத் துணி சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் சாமியைக் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலுமணிக்கு மூன்று நாளாக வயிற்றுவலி. கேஸ்தான் என்று இந்த மனுஷன் பூண்டைச் சுட்டுத் தின்றுகொண்டு கிடந்தார். நல்ல காலம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவர்கள் ஊர் பூம்பாறைக்கு வருகிற மிஷன் ஆஸ்பத்திரி ஜீப், இன்று காலை வழக்கம்போல் குழந்தை வேலப்பர் கோயில் வாசலில் வந்து நின்றது. சிஸ்டர் வயிற்றை ஓர் அழுத்து அழுத்தினாள். அவர் போட்ட அலறலைக் கேட்டு, மருந்துக்கு வரிசையில் நின்றவர்களே ஒதுங்கி வழிவிட்டார்கள். அதே ஜீப்பில் தூக்கிப் போட்டுக் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தாயிற்று.

குடல்வால் வெடித்திருக்கலாம், ஒரு மணி நேர வேலை என்றார் டாக்டர்.

ஒரு மணி நேர வேலைக்கு எதற்குச் சாமி?

அன்னக்கொடி ஸ்ட்ரெச்சரை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள்.

"தள்ளாதீங்க! முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க. நான் மதுரைக்குக் கொண்டுபோயிக்கிறேன்!"

டாக்டர் பாதி ஜெபத்தில் கண்ணைத் திறந்தார்.

சிஸ்டர்தான் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள். "அய்யோ அக்கா, இது எல்லாருக்கும் பண்றது. போன வாரம் ஒரு பிள்ளை காதுக்குள்ள பட்டாணியப் போட்டுக்கிட்டு வந்துச்சு. அதுக்கும் ஜெபம் பண்ணிட்டுத்தான் டாக்டர் கையே வச்சாரு."

"பட்டாணிக்கா?"

"பட்டாணிக்குத்தாங்க்கா."

அந்த வலியிலும் வேலுமணி பல்லைக் காட்டினார். "ஏ புள்ள, கைய விடு. பூண்டக் காயப்போட்டது போட்டபடி கெடக்கு, வானம் வேற மூடிருச்சு. யாருக்காச்சும் போனப் போட்டு வெரசா அள்ளச் சொல்லு. அந்தச் சோலியப் பாரு."

இந்த மனுஷனை என்னதான் செய்வது! அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கையை விட்டாள். டாக்டர் விட்ட இடத்திலிருந்து தொடங்கி ஆமென் சொல்லி முடித்தார். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது.

பக்கத்து வீட்டு அழகம்மாளுக்குப் போன் போட்டுப் பூண்டை அள்ளச் சொன்னாள். பட்டாணிக் கதையையும் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று.

கதவு திறந்தது. சிஸ்டர் வெளியே வந்து, அவளைப் பார்க்காமல் ஓடினாள். ரத்தப் பையோடு திரும்பி ஓடினாள்.

"சிஸ்டர், என்னாச்சுங்க?"

"வந்துர்றேங்க்கா."

வரவில்லை. இன்னும் அரை மணி நேரம் போனது. இன்னொரு டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்.  அன்னக்கொடி உட்காருவதும் எழுந்துபோய்க் கதவைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

ஊரில் இருந்தால் இந்நேரம் குழந்தை வேலப்பர் கோயில் வாசலில் விழுந்து கிடப்பாள். இங்கே எதிர்ச்சுவரில் சிலுவை. இவர்கள் இடத்தில் உட்கார்ந்துகொண்டு நம் சாமியைக் கூப்பிடலாமா? இவர்கள் சாமி கோபித்துக்கொண்டால்? அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் நாம் வேறு எதற்கு? பட்டாணிக்கே வந்தவர், புருஷனுக்கு வரமாட்டாரா? வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

மறுபடி கதவு திறந்தது.

இந்தத் தடவை சிஸ்டர் ஓடவில்லை. நேராக வந்து, அவள் முன்னால் தரையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள நாங்க ஜெபம் பண்ணிக்கிட்டேதான் இருக்கோங்க்கா."

அன்னக்கொடி தலையாட்டினாள்.

சிஸ்டர் மூடிய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஒங்க வேலப்பரையும் கொஞ்சம் கூப்பிடுங்க்கா."