ஆரோக்கியமான இதயம் தேவை

“குழந்தைங்க இதயம் எப்படி வளருதுன்னு ஆராய்ச்சி பண்றாங்கம்மா. ஒப்பிட்டுப் பார்க்க நோய்நொடி இல்லாத பிள்ளைங்க வேணுமாம். நம்ம பள்ளிக்கூடத்துலயே வேகமா ஓடுறது உங்க பொண்ணுதான். விடுவேனா?”

விளையாட்டு ஆசிரியருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. சிறுமியின் அம்மாவோ ஸ்கேன் அறை வாசலிலேயே பின்வாங்கினாள்.

“வேண்டாம் சார். வேற யாரையாவது பாருங்க.”

“வலிக்கவே வலிக்காதும்மா. கையெழுத்தைப் போடுங்க.”

அரைமனதாகப் போட்டாள்.

ஸ்கேன் திரையை உற்றுப் பார்த்த டாக்டர், பட்டியலில் இருந்து சிறுமியின் பெயரை அடித்தார்.

“இவ இந்தப் பட்டியலுக்குச் சரிப்பட மாட்டா சார்.”

ஆசிரியர் திரையருகே விரைந்தார். “ஐயோ, இதயத்துல ஏதாவது கோளாறா?”

“இருந்திருக்கு. பிறவியிலேயே ஒரு ஓட்டை. தொடை ரத்தக்குழாய் வழியா அடைப்பானைக் கொண்டுபோய் அழகா அடைச்சிருக்காங்க. வெளியில தழும்புகூட இருக்காது. இப்ப ஜம்முன்னு இருக்கா.”

ஆசிரியர் அம்மா பக்கம் திரும்பினார். “என்கிட்ட ஏம்மா சொல்லல?”

“சொல்லியிருந்தா ஓட விட்டிருப்பீங்களா சார்?”

இதே போல ஓட்டை அடைத்த இரண்டு பிள்ளைகளை, எதற்கு வம்பு என்று, இரண்டு வருஷமாக மைதான ஓரத்தில் மற்றவர்களின் பைகளுக்குக் காவலாக உட்கார வைத்திருந்தவர் அந்த ஆசிரியர்தான்.

“டாக்டர்,” என்றார் மெதுவாக, “நாளைக்கு இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன். ஓடலாமான்னு பார்த்துச் சொல்லுங்க.”