ஜெசிந்தா வீட்டுப் பரங்கிக்கொடி

"கையில இருக்கிற பூவைக் கீழ போடுங்க!"

ஜெசிந்தா போட்ட சத்தத்தில் திண்டிவனத்தின் அந்தச் சின்னத் தெருவே எட்டிப் பார்த்தது.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பிரபாவதி. கையில் அப்போதுதான் பறித்த பரங்கிப்பூ.

"எங்கூடப் பேச மட்டும் கசக்குது, பூவு இனிக்குதா? இப்படி தினம் பறிச்சிக்கினு இருந்தா பிஞ்சு அழுகாம என்ன பண்ணும்?"

பிரபாவதி வாயே திறக்கவில்லை. பூவைச் சுவர்மேல் வைத்துவிட்டு விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள்.

கொடி சுவர் தாண்டிப் போனதில் தொடங்கிய சண்டை. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது.

ஜெசிந்தாவுக்கு அது வெறும் கொடி இல்லை. அப்பா, தாத்தா எல்லாரும் கோலியனூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். நர்ஸ் வேலை பார்த்து அவள் வாங்கிய இந்த மனைதான் பரம்பரைக்கே முதல் சொந்த மண். அதில் விளைந்த முதல் காயைப் பொங்கலன்று சர்ச்சில் காணிக்கை வைக்க வேண்டும்.

ஆனால் பிஞ்செல்லாம் நுனி கறுத்து, கொழகொழவென்று அழுகி விழுந்தன. முட்டை ஓடு, புளித்த மோர் என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தாள். ஒருவழியாக இரண்டு காய் திரண்டு நின்றது. எல்லாம் தன் கைராசி என்று பூரித்துப்போனாள். இந்தத் திருட்டு மட்டும் இல்லையென்றால் கொடி முழுக்கக் காய்த்திருக்கும்!

அவள் புருஷன் சவுரிராயன் முள் வெட்டி வந்து சுவர் நெடுகப் பரப்பினான்.

பொங்கலன்று பெரிய காயைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள் ஜெசிந்தா.

"எங்க சொந்த மண்ணு, ஃபாதர்! என் கையால விளைஞ்சது!"

சர்ச்சே பார்த்தது. நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆனால் முள் போட்ட பிறகு வந்த பிஞ்சு ஒன்றுகூட நிற்கவில்லை. உரக்கடைக் குமரேசனிடம் ஓடினாள்.

"முன்னாடி ரெண்டு காய் மட்டும் நின்னுச்சு. இப்ப யாரும் பூவைத் தொடறதேயில்ல. அப்பவும் அழுகுதே!"

"தொடணும்மா! உங்க பக்கம் தேனீ வரத்து கம்மி போல. காலையில ஆண் பூவைப் பறிச்சு, பிஞ்சோட இருக்கிற பெண் பூவுல தடவணும். இல்லேன்னா பிஞ்சு வெம்பி அழுகிடும். அந்த ரெண்டு காய்க்கு மட்டும் நீங்கதானே தடவினீங்க?"

ஜெசிந்தா உரம்கூட வாங்காமல் திரும்பி நடந்தாள்.

வீட்டுக்கு வந்தவள் முள்ளை வெறுங்கையால் இழுத்துப் போட்டாள். அந்தப் பக்கம் பிரபாவதி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா... உங்களைப் போய்த் திருடின்னு நெனச்சுக் கத்திட்டேனே. அப்பவாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"நான் எதுக்கு முதல்ல பேசணும்? எனக்கும் ரோஷம் இருக்குதில்ல?" தலை நிமிர்ந்து, ஈரப் புடவையைப் படீரென்று உதறினாள் பிரபாவதி. "சண்டை உனக்கும் எனக்கும்தான். பிஞ்சு என்ன பண்ணுச்சு?"