இடது கை

உலகச் சண்டை முடிந்து அமெரிக்கப் பட்டாளம் விட்டுப்போன ரேடியோப் பெட்டியின்மேல், திருவொற்றியூர்ப் பட்டறைக் கூரையின் ஓட்டை வழியே வெயில் விழுகிறது. மூடித் திருகாணிகளின் தலையில் வழக்கமான ஒற்றைக் கீறல் இல்லை. சிலுவை வடிவத்தில் குழி. தண்டபாணியின் தட்டைத் திருப்புளி மறுபடி வழுக்கி அவர் இடது கட்டைவிரலைக் கீறுகிறது. "இன்னொரு தபா வழுக்கினா தலை மழுங்கிப்பூடும் மாமா, அப்பால தொறக்கவே தொறக்காது," என்கிறாள் பெட்டியைப் பிடித்திருக்கும் மனைவி மங்கை. அவர் தடித்த குத்தூசியின் நுனியை அரத்தால் அராவி, நான்கு விளிம்பு எடுத்து, குழியில் இறக்குகிறார். கச்சிதமாக உட்காருகிறது. கையை எடுக்கிறார். ஊசி சாயவில்லை, கோயில் கொடிமரம்போல நிற்கிறது. "யாரும் புடிக்காமயே நிக்குது மே!" அவர் குரல் தாழ்ந்துவிடுகிறது. ஒரு கையாலேயே சுற்றுகிறார். திருகாணி மெல்ல எழுந்து வருகிறது. இத்தனை வருஷமாகத் திருப்புளி நழுவாமல் பிடித்துப் பிடித்துத் தழும்பேறிய இடது கை, எங்கே இருப்பதென்று தெரியாமல், மடியில் போய் உட்காருகிறது.