அரிவாள் கைக்கு ஒரு எஸ்.எல்.ஆர்.

ஜான் பாஷா சாக்கை அவிழ்த்ததும் ராசுவின் பெரியப்பா கொளஞ்சியப்பன் சிரித்துவிட்டார்.

"இன்னாடா இது, போர்வெல் குழாயா?"

போர்வெல் குழாய்தான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? உளுந்தூர்பேட்டையில் தன் வெல்டிங் பட்டறையில் மிச்சம் மீதி கிடந்ததை வைத்துத்தான் பாஷா இந்தத் துப்பாக்கியைச் செய்திருந்தான். பின்கட்டை, யாரோ தூக்கிப்போட்ட கட்டிலின் கால். தோட்டாப் பெட்டிக்கு எண்ணெய் டின் தகரம். சுடாது, வெடிக்காது, ஒரு காக்காயைக்கூட விரட்டாது. ஆனால் பார்த்தால் அசல் எஸ்.எல்.ஆர். மாதிரி இருக்க வேண்டும். அதற்காக ஞாயிற்றுக்கிழமையெல்லாம் பட்டறையிலேயே கிடந்து, வீட்டில் மனைவி ருக்ஷானாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

விடிந்தால் ராசுவின் சிலைக்குக் கண் திறப்பு.

அந்தக் குடும்பத்தில் வயசுப் பிள்ளை அற்பாயுசில் போனால் வீரனாக்கி, சொந்தக் கொல்லையில் சிலை வைத்துக் கும்பிடுவது வழக்கம். வீரன் என்றால் கையில் அரிவாள். கொளஞ்சியப்பன் பளபளவென்று ஒன்றை வாங்கித் தயாராக வைத்திருந்தார். "எம்புள்ளைக்குத் துப்பாக்கிதான்" என்று ஒற்றைக் காலில் நின்றது ராசுவின் அம்மா ஜெயம்மாள். கடைசியில் பேச்சு இப்படி முடிந்தது: நிஜம் போல இருந்தால் துப்பாக்கி. பொம்மை மாதிரி இருந்தால் அரிவாள்.

ராசு கையில் அரிவாளைப் பார்க்க பாஷாவுக்கு மனசு வராது.

அவனுக்கு அந்தத் துப்பாக்கியை அறிமுகம் செய்ததே ராசுதான். பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பேரும் கள்ளக்குறிச்சி கருவூலத்துக்கு எதிரே போய் நிற்பார்கள். வாசலில் காவலுக்கு நிற்கும் போலீஸ்காரரின் தோளில் அது தொங்கும். கையிலிருக்கும் சேமியா ஐஸ் உருகி முழங்கை வரை வழிவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் விரட்டுவார். மறுநாளும் போய் நிற்பார்கள்.

ஊருக்கு வந்ததும் ராசு ஒரு கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு 'சாவ்தான்' என்று கத்துவான். பாஷா விறைப்பாக நிற்பான். பயிற்சி முடிந்ததும் வரப்பில் உட்கார்ந்து ஆயுதத்தைக் கடித்துத் தின்பார்கள். உலகத்தில் துப்பாக்கியைத் தின்று தீர்த்த படை அது ஒன்றாகத்தான் இருக்கும். அந்த நாளெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தது!

கொளஞ்சியப்பன் துப்பாக்கியை ஒரு கையால் தூக்கப் போனார். வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கினார். அந்தக் கனத்தில் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, மாட்டு," என்றார்.

மாட்டப் போனால் வேறு வில்லங்கம். சிலை செய்த சிவசங்கர் கைப்பழக்கத்தில் வலக்கையை ஓங்கிய கையாகவே செய்து வைத்திருந்தார். முஷ்டியில் அரிவாள் பிடி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. பச்சைச் சட்டை, தொப்பி, பூட்ஸ் எல்லாம் பட்டாளம். கை மட்டும் வீரன் கை.

சிமெண்ட் இறுகிவிட்டது. இனி உடைத்தால் தோளோடு வந்துவிடும். பாஷா பையிலிருந்து அரத்தை எடுத்தான். துப்பாக்கியின் கைப்பிடியைத் தேய்த்துத் தேய்த்து மெலிய வைத்தான். ஏணியில் ஏறி ஓட்டைக்குள் இறக்கினான்.

உட்கார்ந்தது. குழாய் வானத்தைப் பார்த்து நின்றது.

"எந்தப் பட்டாளத்துக்காரன்டா துப்பாக்கிய இப்பிடி ஓங்கிக்கினு நிப்பான்?" என்றார் கொளஞ்சியப்பன்.

"எம்புள்ள நிப்பான்," என்றாள் ஜெயம்மாள்.

கொளஞ்சியப்பன் அரிவாளைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பாஷாவுக்கு அவரைக் கட்டிப் பிடிக்கலாம் போல இருந்தது.

சிவசங்கர் வெளியூர்க்காரர். பட்டாளத்து உடுப்பில் ஒரு சிலை வேண்டும் என்று சொன்னார்கள், செய்தார். இப்போது பிரஷ்ஷை மஞ்சள் பெயிண்டில் தோய்த்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

"சட்டைக் கையில எத்தினி பட்ட போடறதும்மா? நாயக் ரேங்கா, ஹவில்தாரா?"

கொளஞ்சியப்பன் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார். பாஷா கீழே கிடந்த சாக்கை எடுத்து மடித்தான். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தான்.

"ஒண்ணும் போடாதப்பா," என்றாள் ஜெயம்மாள். "அடுத்த வாரம் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறாங்கன்னுதான் விடியகாலையில பைபாஸ்ல ஓடிக்கினு இருந்தான். லாரிக்காரன் பாக்கல."