பூஜ்யம்தான் காட்டியது

புவனா புதுப் பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்து ஒயர்களை மாட்டினாள்.

எதிரே ஸ்டூலில் சபரீஷ் உட்கார்ந்திருந்தான். அவிநாசிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். ஜாமீனில் வெளியே வந்தவன் நேராகக் கோவைக்கு, இந்தக் கம்பெனிக்குத்தான் வந்திருந்தான்.

கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு எவ்வளவு என்று எண்ணில் காட்டி, மிஞ்சினால் அலாரம் அடிக்கும் பெட்டி அது. வடிவமைத்தவள் புவனா.

பெட்டியைப் பார்க்காமலே ஆளைத் தொட்டிக்குள் இறக்கிச் சாகவிட்டான் என்று சபரீஷ்மேல் வழக்கு. பார்த்தேன், பூஜ்யம்தான் காட்டியது என்று அவன் எல்லாரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டான். தப்பிக்கப் புளுகுகிறான் என்றே புவனாவும் நினைத்தாள்.

அன்றைக்குக் கரண்ட் போய் வந்தது என்று அவன் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் அவள் தன் சர்க்யூட் வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள்.

தொட்டிக்குள் இருக்கும் சென்சாருக்குத் தனி பேட்டரி. கரண்ட் போனாலும் அது சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை வாங்கிப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சிப்புக்கோ அந்த நேரம் சப்ளை இருக்காது.

அந்தப் பெட்டி போலீசிடம் இருந்தது. அதனால்தான் இந்தப் புதுப் பெட்டி.

விஷவாயு இருப்பதுபோல் சிக்னல் தர, சென்சாருக்குப் பதிலாக ஒரு பேட்டரியை இணைத்தாள். எண் ஏறியது. அலாரம் அலறியது.

சிக்னலை அப்படியே விட்டு, பெட்டியின் சுவிட்சை மட்டும் அணைத்தாள். ஒரு நிமிடம் காத்திருந்தாள்.

மறுபடி போட்டாள்.

பூஜ்யம்.

ஒயரைக் கழற்றி மாட்டினாள். பூஜ்யம். அலாரம் மூச்சுவிடவில்லை.

சப்ளை இல்லாத சிப்புக்குள் சிக்னல் பாய்ந்து அதைக் கெடுத்திருந்தது. சிப்புக்கு முன்னால், பாயும் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் கடுகளவு ரெசிஸ்டர் ஒன்று இருந்திருந்தால் அடங்கியிருக்கும். கரண்ட் இருக்கும்போது என்னென்ன ஆகும் என்று யோசித்தவள், இல்லாதபோது என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டால் இது யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க பொய் சொல்லலீங்க. தப்பு பெட்டியில. அது நான் பண்ணுனது."

அவன் கோபப்படவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மற்றப் பட்டறைகளில் இருக்கும் பெட்டிகளை இப்போதே நிறுத்தச் சொல்வதாகவும், வக்கீலிடமும் போலீசிடமும் தானே வந்து பேசுவதாகவும் புவனா சொன்னாள். அதெல்லாம் அவன் காதில் ஏறிய மாதிரித் தெரியவில்லை.

"அதுக்கு மின்னாடி காரமடை வரைக்கும் வாரீங்களா மேடம்? எங்கம்மா எங்கூடப் பேசறதில்லீங்க. உள்ள எறங்குனது எங்கண்ணனுங்க."